கறுப்பு மையில் பிள்ளைகள்: முகத்தில் கோடு கூடினால் வயதும் கூடும்

வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தன் அம்மம்மா சொன்ன பருத்தித்துறைச் சின்ன வயதுக் கதைகளைச் சேர்த்து ஒரு சிறுவர் புத்தகம் போடுகிற யோசனை. நாலு நிறத்தில் அடிக்க அச்சகம் சொன்ன விலை கட்டுப்படியாகாது, அதனால் கறுப்பு வெள்ளை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத் தொடுவார்களா அண்ணா? மாதிரிக்கு வரைந்து தந்த படங்களில் பிள்ளைகள் எல்லாரும் குள்ளமான பெரியவர்கள் மாதிரி இருக்கிறார்கள், அது ஏன்? யாருடைய படங்களைப் பார்த்துப் படிக்கலாம்?" என்று மூன்று கேள்வி. நான் வரைகிற ஆள், கொழும்பில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லியும் கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. தொடுவார்கள். ஜெஃப் கின்னியின் 'டயரி ஆஃப் எ விம்பி கிட்' 2007இல் வந்தது, உள்ளே முழுக்கக் கறுப்புக் கோடுதான். கொழும்பில் இங்கிலிஷில் வாசிக்கிற பத்து வயதுப் பிள்ளை யாரையாவது கேட்டுப் பாருங்கள், அது வேண்டாம் என்று சொல்லுமா என்று. ஜப்பான்காரரின் மங்கா புத்தகங்களிலும் மட்டையைத் திறந்தால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். நிறம் இல்லை என்று பிள்ளைகள் முறைப்பாடு சொல்லி நான் கேட்டது குறைவு, படத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் பக்கத்தைத் தள்ளுவார்கள். கலர் வேண்டும் என்று நிற்கிறவர்கள் காசு கொடுக்கிற அம்மா அப்பாமார். அவர்களுக்காக மட்டையை மட்டும் கலரில் போடுங்கள், முடிந்தது.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. உங்கள் ஓவியர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார். எழுத்தாளர் படம், அரசியல்வாதி படம், சிறுகதைக்குப் படம் என்று வரைந்து பழகியவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் வரும். பேனாவுக்குக் கோடு ஒன்றுதான் தெரியும். கன்னம் உருண்டை என்று காட்டவும் கோடு, நிழல் விழுகிறது என்று காட்டவும் கோடு. ஆனால் மனித முகத்தில் வயது ஏறுவதும் கோடாகத்தான் ஏறுகிறது. மூக்கின் ஓரத்தில் இருந்து வாய்க்கு இறங்குகிற கோடு, கண்ணுக்குக் கீழே ஒரு வளைவு, கன்னத்தில் நாலு சாய்கோடு. அறுபது வயது ஆளுக்கு இவை அழகு, ஆறு வயதுப் பிள்ளைக்குப் போட்டால் கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, பிள்ளை ஓய்வூதியம் எடுக்கப் போகிற ஆளாகிவிடும். நிறத்தில் வரைகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரு மெல்லிய பூச்சில் கன்னத்தை உருட்டிவிடுவார். கறுப்பு மையில் வரைகிறவர் பிள்ளையின் முகத்தை எவ்வளவு தூரம் சும்மா விடத் துணிகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த நீளமான பதிலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்தது அளவு. வளர்ந்த ஆளின் உயரம் அவர் தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து, ஐந்தரை மடங்குதான் வரும், ஒரு வயதுக் குழந்தைக்கு நாலு. பெரியவர்களின் கண் தலையின் நடுவில் இருக்கிறது; பிள்ளையின் கண் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, அதனால்தான் நெற்றி பெரிதாகத் தெரிகிறது. கழுத்து மெல்லிசு, தோள் ஒடுக்கம், முழங்கால் எலும்பு கொஞ்சம் துருத்தும். இதெல்லாம் வரைகிறவர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான், ஆனால் தெரிந்ததும் கை செய்வதும் வேறு வேறு. வளர்ந்த ஆளை முக்கால் அளவில் வரைந்து தலையில் ரிபன் கட்டிவிட்டால் பிள்ளை வந்துவிட்டது என்று கை நினைத்துக்கொள்கிறது.

பழைய காலத்திலும் இதேதான் நடந்தது. கொமேனியஸ் என்பவரின் 'ஓர்பிஸ் பிக்டுஸ்' 1658இல் நியூரம்பெர்க்கில் அச்சானது. பிள்ளைகளுக்கென்று செய்த படப் பாடப்புத்தகங்களில் முதன்மையானது என்று எல்லாரும் சொல்கிற புத்தகம் அது. அதன் மரவெட்டுப் படங்களில் பிள்ளை எது, பெரியவர் எது என்று உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960இல் ஒரு வாதத்தை வைத்தார்: நடுக்கால ஓவியங்களில் பிள்ளைகள் சின்னப் பெரியவர்களாக இருப்பதற்குக் காரணம், பிள்ளைப்பருவம் என்ற தனி எண்ணமே அந்தச் சமூகத்தில் இல்லாததுதான் என்று. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் அவரைப் போட்டுத் தாக்கினார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அச்சுப் படம் என்று வந்தால் பாதிப் பழியை நான் கருவியின் மேல் போடுவேன். பலகையின் நார்ப் போக்கிலே கத்தியால் செதுக்கும்போது மெல்லிய கோடு நிற்காது, உடைந்துவிடும். தடித்த கோட்டால் ஒரு பிள்ளையின் மூக்கை வெட்டிப் பாருங்கள், அது மாமாவின் மூக்காகத்தான் வரும்.

இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம் இருந்த தாமஸ் பியூவிக் என்பவர் (1753–1828) இதை வேறு வழியில் செய்தார். அவர் பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் உலோகம் செதுக்குகிற உளியால் கீறினார். மரம் இரும்பு மாதிரி இறுக்கம், மயிர்க்கோடு கூட நிற்கும். அந்த மரம் பெரிதாகப் பருக்காது, அதனால் கட்டையும் சின்னது, படமும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக இருந்ததால் எழுத்தோடு சேர்த்துக் கட்டி ஒரே அழுத்தில் அச்சடிக்கவும் முடிந்தது. புத்தகப் படம் மலிவானதும், பக்கத்துக்குப் பக்கம் படம் வந்ததும் இப்படித்தான்.

அவருடைய பறவைகள் புத்தகத்தில் அத்தியாயம் முடிகிற இடத்தில் மிச்சமாகிற வெற்றிடத்துக்குச் சின்னப் படங்கள் போட்டிருப்பார். பறவைக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்றில் பையன்கள் கல்லறைக் கற்களின் மேல் கால் போட்டு உட்கார்ந்து குதிரைப்படை விளையாடுகிறார்கள். முகம் கடுகளவு, அதில் கோடு போட இடமே இல்லை. எல்லாவற்றையும் முதுகும் காலும் கையும்தான் சொல்ல வேண்டும், சொல்கின்றன. அச்சுப் படத்தில் பிள்ளை பிள்ளையாகவே நடமாடுவதைப் பார்க்க விரும்பினால் நான் முதலில் இந்தப் படங்களைத்தான் காட்டுவேன், அது இயற்கை நூல் ஒன்றின் வால்படத்தில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம்.

ஆனால் முகத்தில் கோடு போடுவதே பாவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'ஒலிவர் ட்விஸ்ட்' 1837இல் பத்திரிகைத் தொடராக வரத் தொடங்கியபோது ஜோர்ஜ் குரூக்‌ஷாங்க் படம் வரைந்தார். ஏழைகளை வேலை வாங்கி அடைத்துவைக்கிற விடுதியில் ஒலிவர் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்கிற படம் உலகத்துக்கே தெரியும். அதில் பிள்ளைகள் எல்லாரும் வற்றிப்போன சின்னக் கிழவர்கள். அங்கே அது சரி, பசி அப்படித்தான் செய்யும். பிள்ளையின் முகத்தில் முதுமை வேண்டுமென்றே வந்தால் அதைப்போல அடிக்கிற படம் வேறு இல்லை, தெரியாமல் வந்தால்தான் கேலியாகிவிடுகிறது. உங்கள் அம்மம்மாவின் கதைகளில் பஞ்ச காலத்துக் கதை ஏதும் இருந்தால் இதை யோசியுங்கள்.

'ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்' கதைக்கு ஜோன் டெனியல் வரைந்த ஆலிஸைப் பற்றி எனக்குக் கொஞ்சம் முரண்பட்ட கருத்து. 1865இல் வந்த புத்தகம், 42 படங்கள். அவர் கட்டைக்காக வரைந்ததை டால்சியல் சகோதரர்களின் பட்டறை செதுக்கியது. முதலில் அடித்த 2000 பிரதியின் அச்சு டெனியலுக்குப் பிடிக்கவில்லை என்று அத்தனையையும் திரும்பப் பெற்று மறுபடி அடித்தார்கள், அவ்வளவு கறார். அவர் 'பன்ச்' இதழின் அரசியல் கேலிச்சித்திரக்காரர், அது ஆலிஸிலும் தெரிகிறது: பெரிய தலை, சின்ன உடம்பு, சிரிக்காத முகம். பிள்ளை என்று பார்த்தால் எனக்கு ஆலிஸ் மேல் முழு நம்பிக்கை வருவதில்லை. கதையை எழுதிய லூயிஸ் கரோல் தன் கையாலேயே 37 படம் வரைந்து, 1864இல் நிஜ ஆலிஸ் லிடெலுக்குக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்தார். அந்தப் படங்கள் கோணல்மாணல், உடம்பு அளவு எல்லாம் பிழை, ஆனால் வீட்டுக்குள் அடைபட்டு முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கிற அவருடைய ஆலிஸின் கண்ணில் இருக்கிற கலக்கம் டெனியலிடம் இல்லை. டெனியலிடம் இருப்பது வேறு: சுற்றிலும் இருக்கிற அத்தனை பிராணிகளும் ஒன்றையொன்று வெட்டுகிற குறுக்குக்கோட்டில் மூழ்கி இருக்கும், ஆலிஸின் முன்கச்சைத் துணி மட்டும் வெள்ளைக் காகிதமாகவே நிற்கும். கண் நேரே அங்கே போகும். இந்தத் தந்திரத்தை நீங்கள் அப்படியே எடுக்கலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துத்தநாகத் தகட்டு பிளாக் வந்தது. ஓவியர் பேனாவில் வரைந்ததைப் படம் எடுத்து, தகட்டில் அமிலத்தால் அரித்து, அப்படியே அச்சுக்கு ஏற்றலாம். நடுவில் செதுக்குகிறவர் இல்லை. ஓவியரின் கை நடுங்கினால் அந்த நடுக்கமும் பக்கத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளை வரைவதற்கு இதைவிட நல்ல காரியம் நடக்கவில்லை என்பது என் கட்சி, ஏனென்றால் பிள்ளையை ஓடும்போதும் விழும்போதும் பிடிக்க வேகமான கோடு வேண்டும், செதுக்கிய கோடு வேகமாக இருக்க முடியாது. நம் ஊர் அச்சுக்கூடங்களிலும் கதைப் படம், விளம்பரப் படம் எல்லாம் நீண்ட காலம் இந்த லைன் பிளாக்கில்தான் ஓடின. சாம்பல் சாயலைப் புள்ளி புள்ளியாகக் காட்டுகிற ஹாஃப்டோன் பிளாக் போட்டால் நியூஸ்பிரிண்டில் அப்பிக்கொள்ளும், நல்ல தாள் வாங்கக் காசு இருக்காது.

அந்த வேகக் கோட்டின் ராஜா ஈ. எச். ஷெப்பர்ட். ஏ. ஏ. மில்ன் எழுதிய 'வின்னி த பூ' 1926இல் வந்தது. கிறிஸ்டோபர் ராபின் என்கிற பையனின் முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கண்ணுக்கு ஒரு புள்ளி, வாய்க்கு ஒரு சின்னக் கோடு, சில படங்களில் அதுவும் இல்லை. ஆனால் கரடிப் பொம்மையை ஒரு கையில் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு போகிற அந்தக் கை, அந்தத் தோள், பொம்மையைக் கவனிக்காமல் வேறெங்கோ பார்க்கிற தலை, இதெல்லாம் பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரிந்தவை. படத்தில் இருக்கிற கரடிக்கு மாதிரி மில்னின் மகனுடைய பொம்மை இல்லை, ஷெப்பர்டின் மகன் கிரஹாமின் பொம்மை. தன் வீட்டில் பார்த்ததைத்தான் அவர் கை நம்பியது.

தாமஸ் ஹென்றி என்று இன்னொருவர், ரிச்மல் குரொம்டனின் வில்லியம் கதைகளுக்கு 1919இல் இருந்து 1962இல் இறக்கும் வரை வரைந்தார். சரிந்த காலுறை, கோணல் தொப்பி, பக்கவாட்டில் போன கழுத்துப்பட்டி. முகம் இல்லாமலே வில்லியத்தை அடையாளம் காணலாம். எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' 21 புத்தகங்களுக்கும் (1942–1963) முதலில் வரைந்தவர் அய்லீன் சோப்பர். மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் பிளைட்டன் எப்போதும் கிடைக்கும், ஆனால் பின்னாளில் வேறு ஆட்கள் வரைந்த பதிப்புகளும் கலந்து கிடக்கும், உள்ளே பெயரைப் பார்த்து எடுங்கள். சோப்பரின் பிள்ளைகள் நின்றால் சுமார்தான். ஓடினால், பாறையில் ஏறினால், நாயோடு உருண்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வெள்ளைக்காரரோடு நிறுத்திவிடக் கூடாது. நமக்கு இன்னும் கிட்டத்தில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தாகூர் எழுதிய 'சஹஜ் பாட்' என்ற வங்காள அரிச்சுவடி 1930இல் வந்தது, படம் நந்தலால் போஸ், எல்லாம் லினோ வெட்டு, அதாவது லினோலியம் விரிப்பில் செதுக்கி அச்சடித்தவை. பெரிய பெரிய கறுப்புத் திட்டு, நடுவில் வெள்ளைக் கீறல். அதில் முகபாவம் தேடினால் கிடைக்காது, குனிந்த முதுகும் தூக்கிய கையும்தான். 1940களின் நடுவில் சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கத்துக்கு மரவெட்டுச் சாயலில் படம் வரைந்தார். மழையில் ஒடுங்கி நிற்கிற அக்காவும் தம்பியும் அங்கேதான் முதலில் அவர் கையில் வந்தார்கள், 1955இல் அதே ஆட்கள் திரையில் நனைந்தார்கள். ஆர். கே. நாராயணின் கதைகளுக்கு அவர் தம்பி லக்ஷ்மண் வரைந்த பையன்கள் இன்னொரு வகை, எலும்பும் முழங்காலும், எப்போதும் ஏதோ ஒரு குற்றத்தை மறைக்கிற நிற்பு.

ஜப்பானின் சிஹிரோ இவாசாகியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 'டோட்டோ சான்' புத்தகத்தில் இருக்கிற படங்கள் அவருடையவை. பலருக்குத் தெரியாதது, அவர் 1974இலேயே இறந்துவிட்டார், டெட்சுகோ குரோயனாகியின் புத்தகம் வந்தது 1981இல். அதாவது அந்தப் படங்கள் ஒன்றுகூட அந்தக் கதைக்காக வரைந்தவை இல்லை, அவர் விட்டுப்போன படங்களில் இருந்து பொறுக்கி எடுத்தவை. ஆனாலும் டோட்டோ சானை நினைத்தால் அந்த முகம்தான் வருகிறது. எப்படி? முகத்தில் ஒன்றும் இல்லை, அதனால்தான். தள்ளித் தள்ளி இரண்டு கறுப்புப் புள்ளி, மீதி தாள். அதை எந்தக் குறும்புக்காரியின் முகமாகவும் வைத்துக்கொள்ளலாம். நீர்வண்ணக்காரர் என்று பெயர் எடுத்தவரின் படங்கள் நிறம் இல்லாமல் அச்சான பக்கங்களிலும் தாங்குவது இந்தக் காரணத்தால்தான்.

தமிழில் பிள்ளைகளுக்கென்று வந்த படங்களில் 'அம்புலிமாமா'வை (1947) விட்டுவிட்டுப் பேச முடியாது. சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் வேதாளமும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறார்கள், கோட்டின் கட்டுப்பாடு அபாரம். ஆனால் அங்கே பிள்ளைகள் என்று வந்தால் பெரும்பாலும் இளவரசர், முனிவரின் மகன் என்று நேராக, அழகாக, ஒழுக்கமாக நிற்பார்கள். உங்கள் கதைக்கு அந்தப் பிள்ளைகள் உதவ மாட்டார்கள். ஆனந்த விகடன் ஓவியர் கோபுலுவின் கூட்டப் படங்களைப் பாருங்கள், கல்யாண வீடோ கோயிலோ, கூட்டத்தின் காலுக்குள் புகுந்து தன் வேலையைப் பார்க்கிற ஒரு பொடியனைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

நம் நாட்டில் சிபில் வெத்தசிங்க. 1927இல் பிறந்து 2020இல் காலமானார், காலிப் பக்கம் கிந்தோட்டையில் வளர்ந்தவர், சிங்களப் பத்திரிகைகளுக்கு வரைந்துதான் பெயர் எடுத்தார். 1956இல் வந்த அவருடைய குடைக்கள்ளன் கதை, 'குட ஹொரா', பல மொழிகளுக்குப் போனது. அவர் நிறத்துக்காகப் பேசப்படுகிறவர், இருந்தாலும் ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்துப் பாருங்கள். நிறம் போனாலும் படம் நிற்கும், ஏனென்றால் மரம், குடை, பெண்களின் இடுப்பு, பிள்ளையின் வயிறு எல்லாவற்றையும் ஒரே வளைகோடு பிடித்துவைத்திருக்கிறது. இந்தப் போட்டோக்கொப்பிச் சோதனையை உங்கள் ஓவியரின் படங்களுக்கும், அவர் பார்த்து வரைகிற மாதிரிப் படங்களுக்கும் செய்யலாம். இணையத்தில் 'நூலகம்' தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்கள், இதழ்கள் இலவசமாகக் கிடக்கின்றன, 'சிரித்திரன்' மாதிரிக் கேலிச்சித்திர இதழ்களையும் அங்கே புரட்டுங்கள். யாழ்ப்பாணத்து ஆட்களின் நடை, நிற்பு, சால்வை, வேலி எல்லாம் கோட்டில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இனி நிறைய ஓவியர்கள் பேசாமல் தாண்டிப்போகிற ஒரு விஷயம், தோல் நிறம். கறுப்புக் கோட்டுப் படத்தில் தோலைத் தாளாக விட்டால் பிள்ளை வெள்ளையாகிவிடுகிறது. நம் பத்திரிகைக் கதைப் படங்களில் பருத்தித்துறைப் பிள்ளையும் மன்னார்ப் பிள்ளையும் இலண்டன் பிள்ளை மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்ப் பக்கம் போய் முழுக்கக் கோடு அடித்தால் முகம் அழுக்காகிறது, இல்லையென்றால் கேலிச்சித்திரமாகிறது. அமெரிக்காவில் மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' முதல் பதிப்புக்கு (1884) 174 படம் வரைந்த ஈ. டபிள்யூ. கெம்பிள், ஒரே ஒரு வெள்ளைக்காரப் பையனை மாதிரியாக நிறுத்தி ஹக்கையும் வரைந்தார், கறுப்பின அடிமையான ஜிம்மையும் வரைந்தார், மற்ற ஆட்களையும் வரைந்தார். ஜிம்முக்கு மேலே கறுப்பை ஏற்றியதுதான். ஆளைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பூசினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

முன்னால் சொன்ன ஆலிஸ் தந்திரத்துக்கு இங்கேதான் வேலை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வெள்ளை. தோலுக்கு ஒரே திசையில், கையின் நீளப் போக்கிலே, இடைவெளி விட்டு மெல்லிய கோடு. சட்டைக்கு ஒன்றுமே வேண்டாம், தாள் போதும். தலைமயிருக்கு முழுக் கறுப்பு. இந்த மூன்று படியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் கண் தானாகவே தோலை மாநிறம் என்று எடுத்துக்கொள்ளும், சட்டை பளிச்சென்று நிற்கும். முகத்தில் மட்டும் அந்தக் கோட்டை நெற்றிக்கு மேலும் ஒரு பக்கக் கன்னத்தின் விளிம்பிலும் நிறுத்துங்கள், நடு முகத்துக்குள் விட வேண்டாம், விட்டால் மேலே சொன்ன வயசுப் பிரச்சினை திரும்ப வந்துவிடும். குறுக்குக்கோடு வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது, யாழ்ப்பாணத்துச் சாமான் எல்லாம் பேனாவுக்கென்றே செய்த மாதிரி. கிடுகு வேலியின் பின்னல், பனையின் அடிமரம், பனங்கருக்கு, துலாக் கிணற்றின் கயிறு, ஓலைப்பாய். இவற்றில் ஓவியர் எவ்வளவு கோடு வேண்டுமானாலும் போட்டுத் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும். முன்னால் பிள்ளையை வெறுமையாக விடட்டும். வேலி கறுக்கக் கறுக்கப் பிள்ளை வெளியே வரும்.

நிற்பு பற்றி ஒன்று. உங்கள் மாதிரிப் படத்தில் பிள்ளைகள் ஸ்டூடியோவுக்குப் போன மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன். பிள்ளைகள் அப்படி நிற்பதில்லை. ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் கெண்டையைச் சொறிவார்கள், பின்னலின் நுனியை வாயில் வைப்பார்கள், பாதம் முழுக்க நிலத்தில் பதியக் குந்தியிருப்பார்கள், தம்பியை இடுப்பில் வைத்த அக்கா ஒரு பக்கமாக வளைந்து போயிருப்பாள். ஓவியரை ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காலி வீதிப் பக்கம் ஒரு கொப்பியோடு நிற்கச் சொல்லுங்கள், வானுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்து முகம் இல்லாமல் உடம்பை மட்டும் கிறுக்கட்டும். போட்டோ எடுக்க வேண்டாம், அடுத்தவர் பிள்ளை. புத்தகப் பை சுமந்த முதுகை மட்டும் அப்படியே எடுத்துவிடக் கூடாது, அம்மம்மாவின் காலத்துப் பிள்ளைக்கு அந்தக் கூன் இல்லை. கொக்கான் விளையாடுகிற கையும், எட்டுக்கோட்டில் கெந்துகிற காலும் எப்படி இருக்கும் என்று அம்மம்மாவையே செய்து காட்டச் சொல்லலாம், கால் முடியாவிட்டாலும் கை காட்டுவார்.

எட்வர்ட் ஆர்டிசோன் என்ற இங்கிலாந்துக்காரர் பிள்ளைகளை அடிக்கடி பின்னாலிருந்துதான் வரைவார், சின்னதாக, கடலையோ தெருவையோ பார்த்துக்கொண்டு. ஒரு படத்தில் முகம் சரியாக வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் பிள்ளையைத் திருப்பிவிடுங்கள். இது தப்பிக்கிற வழி என்று ஓவியர் கூச்சப்பட வேண்டியதில்லை.

அச்சுக்கு வரும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். படத்தைப் புத்தக அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரையட்டும், சுருங்கும்போது கோடு இறுகும். ஆனால் ரொம்ப மெல்லிய கோடு சுருங்கினால் உடைந்துவிடும், அதனால் முதலில் ஒரே ஒரு படத்தைச் சுருக்கி அடித்துப் பாருங்கள். ஸ்கேன் 1200 டிபிஐ, குறைந்தது 600, சாம்பல் இல்லாத நேர்க் கறுப்பு வெள்ளையாக. கோப்பில் கறுப்பு வெறும் கறுப்பு மையாக மட்டும் இருக்கிறதா என்று அச்சகத்தில் கேளுங்கள், நாலு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் ஒற்றை நிறத்தில் அடிக்கும்போது கோடு சாம்பலாகிப் புள்ளி புள்ளியாக வரும். தாள் 70, 80 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) என்றால் பின்பக்கத்து வேலி முன்பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் தெரியும், 100க்குக் குறையாமல், முடிந்தால் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த தாள். பக்கத்தை 16இன் மடங்கில் வைத்தால் தாள் வீணாகாது. இதற்கெல்லாம் ஆகிற மேல்செலவு நாலு நிறத்துக்குக் கேட்ட காசுக்குக் கிட்டவும் வராது.

ஓவியரை மாற்ற வேண்டாம். ஒரே காட்சியை மூன்று தரம் வரையச் சொல்லுங்கள், முதலாவது முகமே இல்லாமல், இரண்டாவது புள்ளிக் கண்ணும் ஒரு கோட்டு வாயும் மட்டும் வைத்து, மூன்றாவது அவர் வழக்கம் போல. மூன்றையும் வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு ஏழு வயதுக்கு முன்னால் போட்டு, இதில் யார் உன்னோடு விளையாட வருவார் என்று கேளுங்கள், எது நல்ல படம் என்று கேட்காதீர்கள். பிறகு அந்தக் கூலியைப் பேசும்போது மூன்று தரம் வரைந்ததற்கும் சேர்த்துக் கொடுங்கள், மட்டையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.